கட்டு என்றொரு சொல்

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் வாயில் நுழையாத ஏதோ ஒரு நீளமான சொல்லைத்தான் யோசிப்பார்கள். ஆனால் அந்தப் போட்டியே எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த மூன்றெழுத்துச் சொற்களுக்குள்தான். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. மூன்றாம் பதிப்புக்கான வேலை நடந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, 645 பொருள்களைப் பிரித்து எடுத்தார். 2011-ல் அது பத்திரிகைச் செய்தியாகவே வந்தது.

மனிதன் ஓடுவது மட்டுமா ரன்? மூக்கு ஒழுகினால் ரன். கடை நடத்தினால் ரன். துணியில் சாயம் போனால் ரன். கிரிக்கெட்டில் எடுப்பதும் ரன். தேர்தலில் நாம் 'நிற்கிறோம்', அமெரிக்காக்காரர்கள் 'ஓடுகிறார்கள்'!

சரி, தமிழில் இப்படி ஒரு சொல் உண்டா? உண்டு. ஒன்று இல்லை, ஒரு கூட்டமே உண்டு. அடி, பிடி, விடு, எடு, போடு... ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குத் தாங்கும். ஆனால் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்ட சொல் ஒன்றுதான். மேலே 'மல்லுக்கட்டி' என்ற இடத்தில் அது ஒளிந்திருக்கிறது. கட்டு.

ஒரு சராசரி மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் தொட்டில் கட்டுகிறார்கள், அரைஞாண் கட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டுகிறார்கள். வாத்தியார் முன்னால் கை கட்டி நிற்கிறான். பரீட்சைக்குப் பணம் கட்டுகிறான், பெயிலானால் அதே பேப்பருக்குத் திரும்பவும் கட்டுகிறான் (அரியர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை). நண்பனோடு பந்தயம் கட்டுகிறான். ஊர் அவனைப் பற்றிக் கதை கட்டுகிறது. ஒரு நாள் பட்டு வேட்டி கட்டி, தாலி கட்டி, ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டுகிறான். அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறான், வீட்டுக்கு வரி கட்டுகிறான். மழையில் நனைந்தால் சளி கட்டுகிறது, கத்தினால் தொண்டை கட்டுகிறது. வியாபாரம் கட்டுபடியாகவில்லை என்றால் கடையை ஏறக்கட்டுகிறான். கடைசியில் பாடை கட்டுகிறார்கள்.

இந்த ஒரு பத்தியை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். டை, பே, ஃபோல்டு, பெட், வேர், மேரி, பில்டு என்று வரிசையாக வேறு வேறு வினைச்சொற்கள் வேண்டும். தமிழுக்கு ஒரே சொல் போதும்.

இந்தச் சொல்லோடு முதலில் கஷ்டப்பட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் படித்தவர்கள்தான். புதுச்சேரியில் இருந்த பாரிஸ் மிஷன் பாதிரிமார்களான முசே, துப்புயி இருவரும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-ல் தொடங்கி 1862-ல் முடிந்தது. புதுச்சேரியிலேயே அச்சானது. அதே 1862-ல் சென்னையில் மைரன் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி வந்தது. பிறகு 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்தச் சொல்லின் உறவினர்களையும் சேர்த்துக் காட்டுகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அது கட்டுதான். மலையாளத்தில் கொஞ்சம் வாய் சுருங்கி 'கெட்டு' ஆகிவிட்டது. ஆக, இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பிருந்தே இருக்கிற சொல் இது. எல்லாப் பொருளுக்கும் கீழே இருப்பது ஒரே காட்சிதான்: ஒரு கயிறு, ஒரு முடிச்சு. சிதறிக் கிடப்பதை ஒன்றாக்குவது, ஓடிப்போவதை நிறுத்துவது. சேலையையும் கட்டலாம், மாட்டையும் கட்டலாம், பாட்டையும் கட்டலாம்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையும் அந்த வகைதான். கட்டு + உரை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் ஒரு காதைக்கே 'கட்டுரை காதை' என்று பெயர். வீட்டுக்கு வருவோம் என்றால் அங்கே ஒரு பழைய சண்டை காத்திருக்கிறது. கட்டடமா, கட்டிடமா? கட்டப்பட்டது கட்டடம், கட்டுவதற்கான இடம் கட்டிடம் என்பது இலக்கணக்காரர்களின் தீர்ப்பு. பேச்சு வழக்கு அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படவில்லை.

இந்தச் சொல்லுக்குள் மிகவும் சுவையான பகுதி பணம்தான். வணிகவியல் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'பே' ஒன்றே போதும். தமிழில் அப்படி இல்லை. காய்கறிக் கடையில் பணம் கொடுக்கிறோம், கட்டுவதில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் காசு கொடுக்கிறோம், கட்டுவதில்லை. ஆனால் கரண்ட் பில், காலேஜ் ஃபீஸ், வீட்டு வரி, நகைக்கடன் வட்டி, சீட்டுப் பணம், அபராதம் எல்லாம் கட்டுபவை. வாடகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் அது கொடுப்பது, மாதம் பிறந்துவிட்டதே என்று கவலைப்படும்போது அது கட்டுவது. இன்னொரு வேடிக்கை, சம்பளம். முதலாளி தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கிறார். எந்த முதலாளியும் சம்பளம் 'கட்டியதாக' யாரும் சொல்வதில்லை. ஆனால் பெரியவர்கள் பள்ளிக்கூட ஃபீஸையும் சம்பளம் என்றுதான் சொல்வார்கள், அந்தச் சம்பளத்தை மட்டும் 'கட்டினார்கள்'. சொல் அதே சொல், பணமும் பணம்தான். மாறியது கொடுப்பவரின் நிலை.

இதில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. கடையில் பொருள் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அங்கே கொடுப்பதுதான் உண்டு. கட்டுகிற இடத்திலோ ஆள் ஏற்கெனவே கட்டுண்டவர். அங்கே கடைசித் தேதி இருக்கும், ரசீது இருக்கும், கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். அகராதியில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே கட்டாயமும் உட்கார்ந்திருப்பது அகரவரிசையின் குறும்பு என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கைத் தமிழில் தேர்தலில் நிற்பவர் செலுத்தும் டெபாசிட்டுக்கு 'கட்டுப்பணம்' என்றே பெயர். அங்கே தேர்தல் வந்தால் எந்தக் கட்சி எந்த மாவட்டத்துக்குக் கட்டுப்பணம் செலுத்தியது என்பது முதல் செய்தி. நமக்கு டெபாசிட் போகிறது, அவர்களுக்குக் கட்டுப்பணம் போகிறது.

நஷ்டத்தை ஈடுகட்டுவது, கணக்கைச் சரிக்கட்டுவது எல்லாமே இந்தக் குடும்பம்தான். (ஆளைச் 'சரிக்கட்டுவது' வேறு விஷயம். அதற்கு ரசீது கிடையாது.)

கடனையும் கயிற்றையும் இணைத்துப் பார்த்தது தமிழ் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் 'பைண்டு' என்றால் கட்டுவது. அதே குடும்பத்தில் பிறந்ததுதான் 'பாண்டு', அதாவது கடன்பத்திரம். பணம் வாங்கியவரை எழுத்தால் கட்டிப்போடும் காகிதம். ('ஹஸ்பெண்டு' இந்தக் குடும்பம் இல்லை, வீட்டில் குடியிருப்பவன் என்ற பொருளில் வேறு வழியாக வந்தது. கல்யாணமான அண்ணன்மார்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான்.) சமஸ்கிருதத்தின் 'பந்த்' என்ற வேரும் அதற்குத் தூரத்துச் சொந்தம். பந்தம், சம்பந்தம், நிபந்தனை எல்லாம் அங்கிருந்து வந்தவை. பாரசீகத்திலிருந்து வந்த பந்தோபஸ்தும் சேர்த்தி. அதற்கு 'கட்டுதலும் இறுக்குதலும்' என்றுதான் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் கடன்பத்திரத்தை 'ஒப்ளிகசியோன்' என்பார்கள், அதன் வேரான லத்தீன் சொல்லுக்கும் பொருள் கட்டுவதுதான். ஆக, லண்டன் பங்குச் சந்தையிலும் பாரிஸ் பங்குச் சந்தையிலும் விற்பனையாவது ஒரு வகையில் கயிறுதான்!

தமிழில் இதைவிட அழகான ஒரு சொல் இருக்கிறது. புணை. மரங்களையோ மூங்கிலையோ கட்டி ஆற்றில் விடும் தெப்பத்துக்குப் புணை என்று பெயர். புறநானூற்றின் 192-ஆம் பாட்டில், கணியன் பூங்குன்றனார் வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்வது இந்தப் புணையைத்தான். அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் ஜாமீன். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்றால் அவர் புணைப்பட்டவர். இன்று கோர்ட்டில் சொல்கிற 'பிணை' அதன் உடன்பிறப்பு. நீரில் ஒருவரை மூழ்காமல் தாங்குவதும் கடனில் ஒருவரை மூழ்காமல் தாங்குவதும் நம் முன்னோர்களுக்கு ஒரே சொல்லாக இருந்திருக்கிறது.

புணையிலிருந்து கடலுக்குப் போகலாம். வரியிலும் வட்டியிலும் கயிறு கண்ணுக்குத் தெரியாது. கயிறு கண்ணுக்குத் தெரிகிற கட்டு ஒன்று நம் கடற்கரை முழுவதும் இருந்தது, கட்டுமரம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் வெள்ளை நகரம் முடிந்து, வடக்கே குருசுக்குப்பத்தையும் தாண்டினால் வருவது வைத்திக்குப்பம். மீனவர் ஊர். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஊர்வலமாக வந்து தீர்த்தவாரி நடக்கிற கடற்கரை இதுதான். அன்றைக்கு மட்டும் பார்த்தவர்களுக்கு இது திருவிழா இடம். மற்ற நாட்களில் இது தொழில் நடக்கும் இடம். நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரைக்கும் உள்ள நூற்றுக்கணக்கான குப்பங்களைப் போலவே, இங்கும் அந்தத் தொழிலின் அடிப்படைக் கருவியாகப் பல தலைமுறைகளுக்குக் கட்டுமரமே இருந்தது.

அதைப் படகு என்று சொல்வதே கொஞ்சம் தப்பு. படகுக்கு உள்ளே என்று ஓர் இடம் இருக்கும், கட்டுமரத்துக்கு உள்ளே என்று எதுவும் இல்லை. எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, முன்பக்கம் கூர்மையாக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டுமரம். ஆணி கிடையாது. அலை அடிக்கும்போது மரங்கள் ஒன்றோடொன்று கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். தண்ணீர் இடுக்கு வழியாக வரும், இடுக்கு வழியாகவே போய்விடும். ஓட்டை விழுமோ என்ற கவலை இல்லை, இறைக்க வேண்டிய வேலையும் இல்லை. கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

மரம் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுபடி தொழிலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். இங்கேதான் இந்தச் சொல்லின் அருமை தெரிகிறது. வீடு ஒரு முறை கட்டினால் முடிந்தது, தாலி ஒரு முறை கட்டினால் முடிந்தது. கட்டுமரம் மட்டும் ஓயாமல் கட்டப்பட்டு, ஓயாமல் அவிழ்க்கப்பட்டது. அவிழ்த்துவிட்டால் அது வெறும் நாலைந்து கட்டைதான். கரையில் கிடப்பதைக் கப்பலாக்குவது அந்த முடிச்சு ஒன்றே.

சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர்களுக்கு இது பெரிய அதிசயம். காரணம், அவர்களுடைய பெரிய கப்பல்களுக்கு இங்கே வேலையே இல்லை! சென்னையிலும் புதுச்சேரியிலும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் அலை மடங்கி மடங்கி உடையும். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிக்கினால் பிளந்துவிடும். எனவே சரக்கும் ஆட்களும் சலங்கு என்ற படகில் கரைக்கு வந்தார்கள். அதுவும் ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஷெலாங்' என்று எழுதிக்கொண்டார்கள். சலங்குகூடப் போக முடியாத மோசமான கடலில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். நனையாமல் இருக்கக் கடிதத்தைத் தலையில் உள்ள கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போவார்கள் என்று பல பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளின் கோடிக்கணக்கான வியாபாரம் கடைசி ஒரு மைலில் தென்னங்கயிற்றை நம்பி இருந்தது என்பதை வரலாற்றுப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. நவாபுகளுக்கும் கவர்னர்களுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையாவது இவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

பொருளைப் பார்த்தவர்கள் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ரையர் 1673-ல் இந்தக் கரையோரமாக வந்தபோது பார்த்ததை எழுதியிருக்கிறார். 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் உலகப் பயண நூலும் கட்டுமரத்தை வர்ணிக்கிறது. (டாம்பியர் கொஞ்ச காலம் கடற்கொள்ளையராகவும் இருந்தவர். கப்பல் விஷயத்தில் அவர் கண்ணை நம்பலாம்.) பழைய பிரெஞ்சு நூல்களில் 'கத்திமரோன்' என்று கொஞ்சம் உருமாறி வருகிறது. 1886-ல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இது கட்டு, மரம் என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது என்று தெளிவாகவே பதிவு செய்துவிட்டது.

ஆங்கிலத்துக்குள் போன பிறகு அந்தச் சொல் பட்ட பாடு தனிக்கதை. 1804 அக்டோபரில் நெப்போலியனின் படையெடுப்புப் படகுகள் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் கூடியிருந்தபோது ஆங்கிலேயர்கள் ஒரு புதுவித ஆயுதத்தை அனுப்பினார்கள். வெடிமருந்து நிரப்பி ஈயத்தகடு வேய்ந்த, சுமார் 20 அடி நீளமுள்ள மிதக்கும் பெட்டி. பின்னாளில் நீராவிக் கப்பலால் புகழ்பெற்ற ராபர்ட் ஃபுல்டனின் யோசனை அது. அதற்கு வைத்த பெயர் கட்டமரன்! பெரிய சேதம் எதுவும் ஆகவில்லை, பெயர் மட்டும் மிஞ்சியது. அதே நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணையும் ஆங்கிலத்தில் கட்டமரன் என்று திட்டியிருக்கிறார்கள். முன்னால் 'கேட்' என்று பூனை மாதிரி ஒலித்ததுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். வைத்திக்குப்பத்து மரத்துக்கும் லண்டன் தெருச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

பிறகுதான் பெரிய திருப்பம். அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் 1876-ல் 'அமரிலிஸ்' என்ற பாய்மரப் படகோடு நியூயார்க்கில் ஒரு போட்டிக்கு வந்தார். இரண்டு மெல்லிய படகுகளை இடைவெளி விட்டு மேலே சட்டத்தால் இணைத்த அமைப்பு. மற்றப் படகுகளைச் சுலபமாகத் தோற்கடித்தது. அப்புறம் இந்த மாதிரிப் படகு போட்டிக்கே வரக் கூடாது என்று தடை! அந்த இரட்டை உடல் அமைப்பு உண்மையில் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களுடையது. சோழமண்டலக் கரையில் அப்படி ஒன்று இருந்ததில்லை. ஆனால் ஒட்டிக்கொண்ட பெயர் தமிழ்ப் பெயர். இன்று உலகம் முழுவதும் கட்டமரன் என்றால் இரட்டை உடல் படகுதான். 2013-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பைப் போட்டியில் தண்ணீருக்கு மேலே பறப்பது போல ஓடிய படகுகளும் கட்டமரன்களே. கூகுளில் அந்தச் சொல்லைத் தட்டினால் முதலில் வரும் படங்களில் கயிறு கட்டிய மரம் எதுவும் இருக்காது.

ஆங்கிலம் பேசுபவர்கள் சொல்லை அவிழ்த்த விதம் இன்னும் வேடிக்கை. 1940-களில் மூன்று உடல் கொண்ட படகுக்குப் பெயர் தேவைப்பட்டபோது 'டிரைமரன்' என்று உண்டாக்கினார்கள். 'மரன்' என்றால் படகின் உடல் என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். நம் மரம் அங்கே விகுதி ஆகிவிட்டது! இன்னொரு பக்கம் பாய்ப்படகு ஓட்டுபவர்கள் கட்டமரனைச் செல்லமாக 'கேட்' என்று சுருக்கினார்கள். அது நம் 'கட்டு'வின் முதல் பாதி. நம் மீனவர்கள் பேச்சில் சுருக்கினால் 'மரம்' என்று மட்டும் சொல்வார்கள், கட்டியிருப்பதுதான் ஊருக்கே தெரியுமே. ஆக, அவர்கள் பாதியை எடுத்துக்கொண்டார்கள், இவர்கள் மீதியை வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் பேர் போன மரம் சொந்தக் கரையில் என்ன ஆனது?

2004 டிசம்பர் 26 வரைக்கும் தமிழகக் கரையோரத்தில் எண்ணிக்கையில் அதிகமாக இருந்த மீன்பிடிக் கலம் கட்டுமரம்தான். சுனாமியில் ஆயிரக்கணக்கான மரங்கள் உடைந்தும் அடித்துச் செல்லப்பட்டும் போயின. அதற்குப் பிறகு வந்த உதவிகளில் பெரும்பகுதி ஃபைபர் படகுகளாகவே வந்தது. மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, சுனாமி அதை அவசரப்படுத்தியது. மீன் கரையை விட்டு விலகிப் போக, பாய் விரித்துப் போய்வருகிற மரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஃபைபர் படகு எஞ்சினோடு தூரம் போகிறது, வேகமாகத் திரும்புகிறது, அதிக வலையைத் தாங்குகிறது. மீனவர்கள் ஏமாந்து போய் மாறினார்கள் என்று சொல்வது நியாயமில்லை. கட்டுமரத்தில் போனவர்களின் உடம்பு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்தது. அந்தக் கஷ்டத்தைக் கரையில் நின்று ரசிப்பது சுலபம்.

புதுச்சேரியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். 1989-ல் வேலை முடிந்தது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலையின் போக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே உள்ள நகரக் கடற்கரைக்கு மணல் வரவு நின்றது. செலவு மட்டும் தொடர்ந்தது! கடல் உள்ளே வர, கரையைக் காப்பாற்ற கருங்கல்லைக் கொட்டிக் கட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு அடுத்து அரிப்பு தொடங்கும், அங்கேயும் கல் கட்டுவார்கள். இப்படியே கற்சுவர் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று வடக்கே நீண்டது. அரிப்பும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்குப் போனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. வடக்கே உள்ளவர்களுக்கு அந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம், ஜெட்டி வேண்டாம். ஆனால் மணல் வேண்டும். அலையோடு வந்து ஏறுவதற்கு மணல், அவிழ்த்துக் காயப்போட மணல், மறுபடி கட்டுவதற்கு மணல். கருங்கல்லில் இது எதுவும் முடியாது. ஒரே வினைச்சொல்தான், ஓர் இடத்தில் சுவர் கட்டினார்கள், இன்னோர் இடத்தில் மரம் கட்ட இடமில்லாமல் போனது.

சொல் மட்டும் சாகவில்லை. கண்ணாடியிழையில் வார்த்த சின்னப் படகுகளை 'ஃபைபர் கட்டுமரம்' என்று சொல்கிறார்கள், அரசாங்கக் கணக்கிலும் அந்தப் பெயர் வருகிறது. அதில் மரமும் கிடையாது, கட்டும் கிடையாது. கட்டுவது வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. படகு, எஞ்சின், வலை எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். கையில் இல்லாதவர் கடன் வாங்குகிறார், மாதா மாதம் தவணை கட்டுகிறார். கட்டுமரக்காரர் காற்றுக்குக் காசு கொடுத்ததில்லை. இவர் எரிபொருள் வாங்கிய பிறகுதான் கடலுக்குள் போகவே முடியும். பிடித்த மீனை விற்ற பணத்தில் எரிபொருளைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கி, மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். மீன் விழாத வாரத்தில் பிரிக்க ஒன்றும் இருக்காது. அப்போது கரையில் கேட்கும் சொல் 'கட்டுபடியாகல'.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்காக 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் போகத் தடை. அறிவிப்பு வெளியாகும்போது கட்டுமரம் போன்ற பாரம்பரியக் கலங்களுக்கு விலக்கு உண்டு என்ற வரியும் தவறாமல் இருக்கும். அந்த 61 நாளும் கடல் கட்டுமரக்காரர்களுக்குத்தான். அந்த விலக்கைப் பயன்படுத்த மரம் வைத்திருப்பவர்கள்தான் வருடா வருடம் குறைகிறார்கள்.